ஆய்வகம் வருகிறது, ஓவிய ஆசிரியர் எங்கே?

புது தில்லி: நாடாளுமன்ற நூலகத்தில், நைட்ரஜன் வாயு நிரப்பிய பேழைக்குள் இந்திய அரசியல் சாசனத்தின் மூலப்படி பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1950 ஜனவரி 24-ம் தேதி அரசியல் நிர்ணய சபை உறுப்பினர்கள் கையெழுத்திட்ட ஏடு அது. அச்சு எழுத்துகளால் ஆனதல்ல. பிரேம் பிகாரி நாராயண் ரைசாதா என்ற கையெழுத்துக் கலைஞர் பேனாவால் எழுதியது. அதன் பக்கங்களை ஓவியங்களால் அணி செய்தவர் சாந்திநிகேதன் கலா பவனத்தின் ஆசிரியர் நந்தலால் போஸ். அவருக்குத் துணை நின்றவர்கள் அவருடைய மாணவர்கள்.

அந்த மாணவர்களில் ஒருவர் தீனாநாத் பார்கவா. சாரநாத் சிங்க முத்திரையை வரையும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டபோது அவர் இருபது வயதைச் சற்றே தாண்டிய இளைஞர். சிங்கத்தின் முகத்தையும் நிற்கும் தோரணையையும் அறிந்துகொள்வதற்காக அவர் கொல்கத்தா விலங்குக் காட்சிச் சாலைக்குப் பலமுறை சென்று வந்தார் என்று அவருடைய குடும்பத்தினர் கூறியுள்ளனர். முதலில் பார்த்தார், பிறகு வரைந்தார்.

இன்றைய மாணவன் கணினியில் "சிங்கம்" என்று ஒரு சொல்லைத் தட்டினால் போதும். செயற்கை நுண்ணறிவு சில விநாடிகளில் சிங்கத்தை வரைந்து தந்துவிடுகிறது. பார்க்கும் வேலையும் இல்லை. வரையும் வேலையும் இல்லை. இப்படிப்பட்ட காலத்தில் 6, 7, 8-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டிஜிட்டல் ஓவியத்தையும் காட்சி வடிவமைப்பையும் கற்பிக்க வேண்டுமா, வேண்டுமெனில் அதைக் கற்பிக்கப்போவது யார் என்ற கேள்வி தில்லியின் கொள்கை வகுப்போர் முன் நிற்கிறது. முதல் பகுதிக்கு அரசு விடை சொல்லத் தொடங்கிவிட்டது. இரண்டாம் பகுதிக்கு இன்னும் விடை இல்லை.

பட்ஜெட்டில் ஓர் அறிவிப்பு

2026 பிப்ரவரி 1-ம் தேதி மத்திய பட்ஜெட்டைத் தாக்கல் செய்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், நாட்டிலுள்ள 15,000 உயர்நிலைப் பள்ளிகளிலும் 500 கல்லூரிகளிலும் படைப்பாளர் ஆய்வகங்கள் அமைக்கப்படும் என அறிவித்தார். அனிமேஷன், காட்சி விளைவுகள், கணினி விளையாட்டு, சித்திரக்கதை ஆகிய துறைகளுக்கு 2030-ம் ஆண்டுக்குள் 20 லட்சம் பேர் தேவைப்படுவர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மும்பையில் உள்ள இந்தியப் படைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் இதற்குத் துணை நிற்கும்.

இது திடீரென முளைத்த யோசனையல்ல. 2022 பட்ஜெட்டில் இத்துறைக்கென ஒரு பணிக்குழு அறிவிக்கப்பட்டது. பள்ளிப் பருவத்திலேயே இப்பாடங்களுக்கு அடித்தளமிட வேண்டும் என அக்குழு பரிந்துரைத்தது. 2024 செப்டம்பரில் மும்பை நிறுவனத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

நோக்கம் வரவேற்கத்தக்கது. ஆனால், அறிவிப்பைக் கூர்ந்து படித்தால் ஓர் இடைவெளி தெரிகிறது. ஆய்வகங்கள் செல்லவிருப்பது உயர்நிலைப் பள்ளிகளுக்கு. அதாவது, 9-ம் வகுப்பும் அதற்கு மேலும் உள்ள பள்ளிகளுக்கு. 8-ம் வகுப்புடன் முடியும் நடுநிலைப் பள்ளிகள் இந்தக் கணக்கில் இல்லை. உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் 6-ம் வகுப்பும் உண்டு என்பது உண்மைதான். அந்தப் பிள்ளைகளுக்கும் ஆய்வகத்தின் கதவு திறக்குமா என்பது விதிமுறைகளைப் பொருத்தது. தில்லி அரசு 2021-ல் தொடங்கிய சிறப்புத் திறன் பள்ளிகளிலும் காட்சிக் கலைப் பிரிவு 9-ம் வகுப்பிலிருந்தே அமைந்தது.

பென்சிலைக் கீழே வைக்கும் வயது

இந்த இடைவெளி ஏன் முக்கியம்? ஓவிய ஆசிரியர்கள் யாரைக் கேட்டாலும் ஒன்றைச் சொல்வார்கள். பத்து வயது வரை சுவரிலும் தரையிலும் தயக்கமின்றி வரையும் குழந்தை, அதன்பின் ஒரு நாள் "எனக்கு வரைய வராது" என்று சொல்லிப் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறது. கண்ணால் காண்பதைப் போலவே தாளிலும் வர வேண்டும் என்ற ஆசை அந்த வயதில்தான் எழுகிறது. கை அதற்கு ஒத்துழைப்பதில்லை. குழந்தை ஓவியங்களை ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-ல் வெளியிட்ட நூலில் இந்தப் பருவத்தைத் தனியாகவே பிரித்துக் காட்டியிருக்கிறார்.

அந்த நேரத்தில் அருகில் அமர்ந்து, நிழல் எங்கே விழுகிறது, தூரத்துப் பொருள் ஏன் சிறிதாகத் தெரிகிறது என்று சொல்லித்தர ஓர் ஆசிரியர் இருந்தால் அந்தப் பிள்ளை தொடர்ந்து வரையும். இல்லையேல், எத்தனை விலையுயர்ந்த கணினியை 14 வயதில் அதன் முன் வைத்தாலும், அது கற்கப்போவது எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்பதை மட்டுமே.

தேசிய கல்விக் கொள்கை 2020 இந்த வயதினரைக் கண்டுகொள்ளவில்லை எனக் கூற முடியாது. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளை அது "நடுநிலைக் கட்டம்" என வகுக்கிறது. கலைக்கும் அறிவியலுக்கும் இடையே சுவர் கூடாது என்கிறது. கணினி நிரல் எழுதுவதை இந்தக் கட்டத்திலேயே தொடங்கச் சொல்கிறது. வடிவமைப்புச் சிந்தனையைப் புதிய பாடங்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. அதற்கு முன்பே, 2005-ம் ஆண்டின் தேசியப் பாடத்திட்ட வடிவமைப்பு, 10-ம் வகுப்பு வரை கலைக் கல்வி கட்டாயமாக இருக்க வேண்டும் எனப் பரிந்துரைத்திருந்தது. 2019-20 கல்வியாண்டு முதல் 1 முதல் 12-ம் வகுப்பு வரை வாரத்துக்குக் குறைந்தது இரண்டு கலைப் பாட வேளைகள் கட்டாயம் என சிபிஎஸ்இ அறிவித்தது. 6-ம் வகுப்புக்கென "கிருதி" என்ற கலைப் பாடநூலை என்சிஇஆர்டி 2024-ல் வெளியிட்டது. காகிதத்தில் குறையேதும் இல்லை.

ஓர் அறிவிப்புப் பலகை போதும்

டிஜிட்டல் ஓவியம் என்றதும் விலையுயர்ந்த கருவிகளும் வண்ணத் திரைகளும் நினைவுக்கு வருகின்றன. 7-ம் வகுப்பு மாணவர்களுக்கு அவை தேவையில்லை. பள்ளியின் குடிநீர்க் குழாய் அருகே வைக்க ஓர் அறிவிப்பு தயாரிக்கச் சொன்னால் போதும். பாடம் முழுவதும் அதிலேயே அடங்கிவிடும்.

அதைப் படிக்கப்போவது யார்? எழுதப் படிக்கத் தொடங்கியிருக்கும் முதல் வகுப்புக் குழந்தையும் படிக்க வேண்டும் என்றால் சொல் குறைய வேண்டும், படம் பேச வேண்டும். எவ்வளவு தூரத்திலிருந்து படிப்பார்கள்? எழுத்தின் அளவை அது முடிவு செய்யும். வெள்ளையில் மஞ்சள் எழுத்து கண்ணில் படாது. மஞ்சளில் கறுப்பு எழுத்து தொலைவிலிருந்தே தெரியும். முதலில் எதைப் பார்க்க வேண்டும், அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்ற வரிசையைப் பிள்ளைகளே விவாதித்து முடிவு செய்ய வேண்டும். இத்தனையும் காகிதத்தில், பென்சிலில் நடக்க வேண்டிய வேலை.

அதன்பிறகே கணினி. புள்ளிகளால் ஆன படத்தைப் பெரிதாக்கினால் விளிம்புகள் படிக்கட்டுகளாக உடையும்; கோடுகளின் கணக்கால் ஆன படத்தைச் சுவரளவு பெரிதாக்கினாலும் உடையாது. இதை ஒருமுறை செய்து பார்க்கும் மாணவன், வடிவியல் வகுப்பில் படித்த ஆயத்தொலைவுகளின் பயனை அன்றே உணர்ந்துகொள்வான். திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளைக் கலக்கிறது; அச்சு இயந்திரம் மையைக் கலக்கிறது. திரையில் மின்னிய நிறம் தாளில் ஏன் மங்கிவிட்டது என்று அவன் கேட்கும்போது, இயற்பியல் பாடம் ஒன்று தானாகவே தொடங்கிவிடும்.

எழுத்தைப் பற்றிய பாடமும் உண்டு. ஆங்கிலத்துக்குப் பொருந்தும் வரி இடைவெளி இந்திக்குப் பொருந்தாது. அதன் உயிர்க்குறிகள் சில எழுத்துக்கு மேலும் சில கீழும் நிற்கின்றன. தமிழின் கொம்பும் கொக்கியும் வேறு இடம் கேட்கின்றன. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பயிற்சிப் பாடங்களில் இதற்கு விடை கிடைக்காது. மதுபனி ஓவியத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டும் மாணவனிடம், அது புவிசார் குறியீடு பெற்ற கலை, அதை வரைந்த பெண்ணுக்கு உரிமை உண்டு என்று எடுத்துச் சொல்வதும் இந்தப் பாடத்தின் பகுதியே.

இதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கோட்டுப் படங்களுக்கு இங்க்ஸ்கேப், ஓவியத்துக்கு கிரிட்டா, புகைப்படங்களுக்கு கிம்ப், அனிமேஷனுக்கு பிளெண்டர். 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்ற லாட்வியா நாட்டின் "ஃப்ளோ" பிளெண்டரில் உருவானதுதான். ஒரு கணினிக்கு நான்கு பிள்ளைகள் என்றாலும் குற்றமில்லை. காகித வேலை முன்பே முடிந்திருந்தால், கணினியின் முன் ஒவ்வொருவருக்கும் கால் மணி நேரம் போதும். ஒருவர் வரைய, மற்ற மூவரும் பார்த்துக் குறை நிறை சொல்வார்கள்.

சட்டம் சொன்னது என்ன?

ஆகவே, பற்றாக்குறை கணினியில் மட்டும் இல்லை. மத்திய கல்வி அமைச்சகத்தின் யுடைஸ் புள்ளிவிவரப்படி, கணினி வசதி கொண்ட பள்ளிகள் 2023-24-ல் 57.2 சதவீதம், 2024-25-ல் அது 64.7 சதவீதமாக உயர்ந்தது. இணைய வசதி 53.9 சதவீதத்திலிருந்து 63.5 சதவீதமாகியது. மூன்றில் ஒரு பள்ளியில் இன்னும் இவை இல்லை என்பது கவலைக்குரியதே. எனினும், ஏறுமுகம் தெரிகிறது. ஓவிய ஆசிரியர் நிலை அப்படியில்லை.

2010 ஏப்ரல் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டினால் ஒரு வரி கண்ணில் படும். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் நூறு மாணவர்களுக்கு மேல் இருந்தால், கலைக் கல்வி, உடற்கல்வி, பணிக்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்பதே அது. கணித ஆசிரியருக்குக் கிடைத்த முழுநேரத் தகுதி ஓவிய ஆசிரியருக்குச் சட்டத்திலேயே கிடைக்கவில்லை. நூறுக்குக் குறைவான பிள்ளைகள் படிக்கும் கிராமப் பள்ளிக்கு அந்தப் பகுதிநேர வாக்குறுதியும் இல்லை.

"பகுதிநேரம்" என்ற அந்த ஒரு சொல்லின் விளைவைத் தமிழகம் நன்கறியும். அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் 2012-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி, கணினி உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். வாரத்தில் மூன்று அரை நாள்கள் வேலை. மாதம் 5,000 ரூபாய் ஊதியம். பின்னர் ஊதியம் சில முறை உயர்த்தப்பட்டது. இரு கழக ஆட்சிகளிலும் பணி நிரந்தரம் கோரி அவர்கள் வீதியில் இறங்கிப் போராடினர். ஒரே பள்ளியில் ஓவியம் கற்பிப்பவரும் கணினி கற்பிப்பவரும் தனித்தனியே, நிலையற்ற வேலையில், வெவ்வேறு அரை நாள்களில் வந்து போனால், ஓவியத்தையும் கணினியையும் இணைக்கும் பாடம் எப்படிப் பிறக்கும்?

இந்தச் செலவில் மத்திய அரசுக்கும் பங்கு உண்டு. அனைவருக்கும் கல்வி இயக்கம் 2018-ல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இணைக்கப்பட்டது. அதன் செலவைப் பெரும்பாலான மாநிலங்களுடன் மத்திய அரசு 60-க்கு 40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்கிறது. 6-ம் வகுப்பு முதல் கணினி வழிக் கல்விக்கு உதவுவதும் இத்திட்டமே. 2024-25-ல் பிஎம் ஸ்ரீ பள்ளிகள் தொடர்பான கருத்து வேறுபாட்டால் தமிழகத்துக்கான 2,100 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை விடுவிக்கப்படாமல், 2025-ல் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தில்லிக்கும் சென்னைக்கும் இடையிலான இத்தகைய இழுபறியில் முதலில் அடிபடுவது பகுதிநேரப் பணியிடங்களே.

கேரளம் காட்டும் வழி

அண்டை மாநிலமான கேரளம் வேறொரு பாதையில் சென்றிருக்கிறது. 2001-ல் "ஐ.டி. அட் ஸ்கூல்" என்ற பெயரில் தொடங்கிய திட்டம், 2017-ல் "கைட்" என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. இலவச மென்பொருள்களையே பயன்படுத்துவது என அங்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள். 2018 ஜனவரியில் தொடங்கப்பட்ட "லிட்டில் கைட்ஸ்" மாணவர் மன்றங்களில் 8-ம் வகுப்பு மாணவர்கள் திறனறித் தேர்வின் மூலம் சேர்க்கப்படுகின்றனர். கிராஃபிக்ஸ், அனிமேஷன், மலையாளக் கணிமை, மின்னணுவியல் ஆகியவற்றில் பயிற்சி தரப்படுகிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இம்மன்றங்கள் இயங்கி வருகின்றன.

இதன் வெற்றிக்குக் காரணம் இயந்திரம் அல்ல. மன்றம் உள்ள ஒவ்வொரு பள்ளியிலும் அங்கேயே பணியாற்றும் இரு ஆசிரியர்கள் இதற்கென அடையாளம் காணப்பட்டுப் பயிற்சி பெறுகின்றனர். வெளியிலிருந்து ஒருவர் வந்து பாடம் நடத்திவிட்டுப் போவதில்லை. ஆனால், கேரளத்திலும் மன்றத்தின் கதவு 8-ம் வகுப்பில்தான், அதுவும் தேர்வில் வென்றவர்களுக்கே திறக்கிறது. பென்சிலைக் கீழே வைத்துவிட்ட பிள்ளை அந்தத் தேர்வை எழுத முன்வருமா என்பதும் யோசிக்க வேண்டியதே.

படத்தைப் படிக்கவும் வேண்டும்

"வாசிக்கவும் கணக்குப் போடவும் தடுமாறும் பிள்ளைகளுக்கு ஓவியமும் வடிவமைப்பும் ஆடம்பரம் அல்லவா?" என்று கேட்போர் உண்டு. அடிப்படைக் கல்வியின் நிலை கவலைக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆனால், அதே கவலையை எழுப்பும் அசர் அமைப்பின் 2024 ஆய்வு மற்றொன்றையும் சொல்கிறது. கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயது வரையிலானோரில் 82 சதவீதத்தினருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரியும். அவர்களில், ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைப் பயன்படுத்தியோர் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியோர் 76 சதவீதம். எழுத்தை விட அதிகமாகப் படங்களையே இவர்கள் "படித்து" வருகிறார்கள். எது உண்மைப் படம், எது சேர்த்து ஒட்டியது, எந்தப் படம் எதை மறைக்கிறது என்று அவர்களுக்குக் கற்பிப்போர் யாருமில்லை. செயற்கை நுண்ணறிவால் உருவான படங்களுக்கு அடையாளமிட வேண்டும் என 2026 பிப்ரவரியில் மத்திய அரசு விதி செய்தது. விதி அடையாளமிடச் சொல்லும். பார்த்துணரும் கண்ணை அது தர முடியாது.

படத்தைப் படிப்பது எளிதல்ல என்பதை இந்த நாடாளுமன்றமே ஒருமுறை கண்டது. 2012 மே 11-ம் தேதி, 11-ம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலில் இடம்பெற்ற ஒரு கேலிச்சித்திரத்துக்காக அவை அமளியில் ஆழ்ந்தது. 1949-ல் சங்கர் வரைந்தது அது. அரசியல் சாசனம் என்ற நத்தை மீது அம்பேத்கர் அமர்ந்திருக்க, பின்னால் சாட்டையுடன் நேரு நிற்கிறார். ஒடுக்கப்பட்டோரின் தலைவரை அது இழிவுபடுத்துகிறது என்றனர் உறுப்பினர்கள். மாணவரைச் சிந்திக்க வைக்கவே சேர்த்தோம் என்றனர் பாடநூல் ஆலோசகர்கள். அன்றைய மனித வள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் வருத்தம் தெரிவித்துச் சித்திரத்தை நீக்குவதாக அறிவித்தார். அடுத்த மாதமே, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் குறித்த ஆர்.கே. லட்சுமணின் சித்திரத்துக்குத் தமிழகத் தலைவர்கள் கட்சி வேறுபாடின்றி எதிர்ப்புத் தெரிவித்தனர். இவற்றை ஆராய அமைந்த தோரட் குழுவில் எம்.எஸ்.எஸ். பாண்டியன் மட்டும் மாறுபட்ட குறிப்பை எழுதினார்.

யார் பக்கம் நியாயம் என்பது இங்கு விவாதமல்ல. ஒரு சித்திரத்தில் சாட்டை யார் கையில் இருக்கிறது, யாரைப் பார்த்து ஓங்கப்பட்டிருக்கிறது, அது இன்று யாரை வலிக்கச் செய்யும் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் 12 வயதில் வகுப்பறையில் தொடங்க வேண்டியது. வரைந்து பார்த்தவனுக்கே படம் எப்படி வேலை செய்கிறது என்பது புரியும்.

ஒற்றை எழுத்தும் அரசியலே. 2010 ஜூலை 15-ம் தேதி மத்திய அமைச்சரவை ஏற்ற ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்தவர் உதயகுமார் தர்மலிங்கம் என்ற தமிழர்; மும்பை ஐஐடியின் வடிவமைப்பு மையத்தில் தமிழ் எழுத்துருவியல் குறித்து ஆய்வு செய்தவர். 2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட் இலச்சினையில் அந்தக் குறியீட்டுக்குப் பதில் "ரூ" இடம்பெற்றபோது நாடே விவாதித்தது. ஆதரித்தோரும் எதிர்த்தோரும் பேசியது வடிவமைப்பைப் பற்றித்தான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

கல்வி பொதுப் பட்டியலில் இருப்பதால் பொறுப்பை தில்லி மாநிலங்களிடமும், மாநிலங்கள் தில்லியிடமும் தள்ளிவிடுவது எளிது. எனவே, இரு அவைகளிலும் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய கேள்விகள் மூன்று உள்ளன. 15,000 ஆய்வகங்களின் விதிமுறைகளில் 6, 7, 8-ம் வகுப்புகளுக்கு இடம் உண்டா? ஆய்வகத்துக்கான நிதியில் இயந்திரத்துக்கு எவ்வளவு, ஆசிரியர் பயிற்சிக்கு எவ்வளவு? கட்டாயக் கல்விச் சட்ட அட்டவணையில் உள்ள "பகுதிநேரம்" என்ற சொல்லைத் திருத்த அரசு முன்வருமா?

மூன்றாவது கேள்விதான் செலவு மிகுந்தது. ஆகவே, அதிகம் தவிர்க்கப்படுவதும் அதுவே. இயந்திரத்தை ஒருமுறை வாங்கித் திறப்பு விழா நடத்திவிடலாம். ஆசிரியருக்கு மாதந்தோறும் ஊதியம் தர வேண்டும்.

அரசியல் சாசனத்தின் முகப்பில் நிற்கும் சிங்கங்களைத் தந்தது ஓர் ஆசிரியரும் அவருடைய மாணவரும். முன்னதாகப் போய்ச் சிங்கத்தைப் பார்த்து வரச் சொல்ல ஒருவர் இருந்தார் என்பதே அந்த ஓவியத்தின் வரலாறு. 15,000 ஆய்வகங்கள் திறக்கப்படும் நாளில், அவற்றுக்குள் அமரப்போகும் பிள்ளைகளிடம் அதைச் சொல்ல ஒருவர் இருப்பாரா?